லேத் பட்டறை வீட்டு உறக்கம்

இரும்பை இரும்பு சீவும் சத்தம். முதலில் ஒரு கீச்சு, பிறகு ஒரு முனகல், அப்புறம் நிற்காத ரீங்காரம். கூடவே, சூடேறிய இரும்பில் பால்போல் வெளுத்த எண்ணெய்த் தண்ணீர் சொட்டிக் கருகும் வாசம். மதுரையில் என் வீட்டுக்குப் பக்கத்து மனையில் போன மாதம் ஒரு லேத் பட்டறை வந்தது. தெருவில் எல்லாருக்கும் தலைவலி, எனக்கு மட்டும் கொட்டாவி. நடுப்பகலில், அரிசி களைந்த ஈரக்கையோடு சமையல் மேடையில் சாய்ந்தபடியே கண் சொருகிவிடுகிறது. இது என்னுடைய உறக்கமே இல்லை. இன்னொருத்தியுடையது. அவளிடமிருந்து என்மேல் ஒட்டிக்கொண்டு, இத்தனை வருடம் எங்கேயோ ஒளிந்திருந்து, சத்தம் கேட்டதும் எழுந்து வந்திருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குத் திருநெல்வேலி டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. காதில் மாட்டிய கருவியோடு உட்கார்ந்து, 'ஹலோ மதுரை, ஹலோ தூத்துக்குடி' என்று ஊர்களைக் கூப்பிட்டு ஒன்றோடொன்று முடிச்சுப் போட வேண்டும். விடியல், பிற்பகல், இரவு என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். ஊரின் மேற்கே, பேட்டை என்கிற பகுதியில் ஒரு மாடி அறை வாடகைக்குக் கிடைத்தது. கீழே தெருவைப் பார்த்து லேத் பட்டறை, அதன் முதுகோடு ஒட்டி வீடு. பட்டறைக்காரர் அண்ணாச்சி. கல்யாணம் செய்துகொள்ளாதவர். வீட்டில் அவரும் அவருடைய அக்காவும் மட்டும். அவருக்கு அக்கா என்பதால் பால்காரருக்கும் தபால்காரருக்கும் தெருவுக்கும் அவள் அக்காதான். எனக்கும்.

குடிபோன புதிது. இரவு வேலை முடிந்து காலையில் வந்து படியேறப் போகிறேன், மாடிப்படிக்குக் கீழே அக்கா டம்ளரோடு நின்றிருந்தாள். ஐம்பதை எட்டப்போகும் வயது, நல்ல உயரம். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். என் முகத்தை, கடையில் கத்திரிக்காயைத் திருப்பிப் பார்ப்பதுபோல இப்படியும் அப்படியும் பார்த்தாள்.

"ஏட்டி, ஒறங்கலியா?"

"நைட் டூட்டிக்கா."

"அப்படி என்ன சோலி?"

சொன்னேன். அவளுக்கு ஆர்வம் பொங்கிவிட்டது.

"காதுல பேசுவாவளா?"

"ஆமாக்கா."

"மூஞ்சி தெரியாதவியளா?"

"ஆமா."

"அவிய சொல்லுதத நீ கேட்டுத்தான் ஆவணுமோ?"

"கேக்காம? அதுதான வேல."

டம்ளரைப் படியில் வைத்துவிட்டு இடுப்பில் கைகொடுத்துச் சிரித்தாள். "நல்லாருக்கே! உனக்குச் சம்பளம் தாராவ. நா இத்தன வருசமா ஓசில கேட்டுக்கிட்டுக் கெடக்கேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பட்டறை வாசலில் நின்ற அண்ணாச்சியின் முகம்தான் சட்டென்று சுண்டிப்போனது. "அவ எதாச்சும் சொல்லுவா, நீ மேல போம்மா" என்றார். சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்தபோது, குரலைத் தாழ்த்தி அவரே சொன்னார். அக்காவுக்கு இளவயதிலேயே மனசுக்குச் சுகமில்லாமல் போய்விட்டது. காதில் யார் யாரோ பேசுவார்கள். பெரிய ஆஸ்பத்திரி மாத்திரையில் அதெல்லாம் போய்விட்டது. "இப்பம் ஒரு கொறையும் இல்ல. ஒறக்கந்தான் பிடி குடுக்க மாட்டேங்கு. டாக்டர் என்ன சொல்லுதாருன்னா, ஒறக்கம் கெட்டா எல்லாம் திரும்ப வந்துரும்ங்காரு."

முன்பு ஒரு தடவை அப்படி வந்திருக்கிறது. நாள்கணக்கில் கண்மூடாமல் இருந்தவள், ஒரு நாள் வாசலைத் தாண்டி, ஆற்றங்கரையோரமாகவே நடந்து சேரன்மாதேவி வரைக்கும் போய்விட்டாளாம். வெறுங்கால். அண்ணாச்சி சைக்கிளில் தேடிப் போய்க் கூட்டிவந்தார். அதைச் சொல்லும்போது அவர் தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மனச்சிதைவு என்கிற சொல்லை நான் பிற்பாடுதான் படித்தேன். அந்தச் சொல்லில் எதுவோ உடைந்து சிதறிக் கிடக்கிறது. அக்கா சிதறியவளாக எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. அவளுடைய உறக்கத்துக்குத்தான் இருப்பிடம் இல்லை. அது ஊர் சுற்றியது. சில நாள் காலைக் காப்பி குடித்ததும் வரும். பிறகு மெல்ல நகர்ந்து உச்சிவெயிலுக்குப் போகும். அங்கிருந்து விளக்கு வைக்கும் வேளைக்கு. அப்புறம் ஊர் உலகம் உறங்கும் இரவுக்கே வந்து சேரும். அந்த நாட்களில் அண்ணாச்சி சீட்டியடித்துக்கொண்டு திரிவார். 'வந்துட்டு, நின்னுட்டு' என்று நினைக்கும்போதே அது விடியலுக்கு நழுவி, மறுபடி காலைக் காப்பிக்குப் போய்விடும். நிலா நாளுக்கு நாள் பிந்தி உதிப்பதுபோல. நிலாவுக்காவது நாட்காட்டி உண்டு.

எனக்கும் ஷிப்ட் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு சக்கரமும் எப்போதாவது ஒரு புள்ளியில் சந்திக்கும். அப்போது ஊரெல்லாம் வேலைக்குப் போன பிறகு படியில் உட்கார்ந்து காப்பி குடிப்போம்.

உறக்கம் கிடைக்காதவள் உறக்கத்தைப் பற்றியே விசாரித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் "சாப்பிட்டாச்சா" என்று கேட்கும் இடத்தில் அவள் "ஒறங்குனியா" என்பாள். பதில் வந்தாலும் விடமாட்டாள். தபால்காரரை நிறுத்தி, "வே, பகலெல்லாம் சைக்கிள் மிதிக்கீரே, ஒறக்கத்துலயும் காலு மிதிக்குமா?" என்று கேட்டாள்.

"எம் பொண்டாட்டிட்டல்லா கேக்கணும்க்கா. ஒத வாங்குதவ அவதான்."

அந்தப் பதிலை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பால்காரரிடம், பசு நின்றுகொண்டே உறங்குமா, உறங்கும்போது அசை போடுவது நிற்குமா என்று கேட்டாள். என்னிடம் கேட்டதுதான் இன்றும் என்னைப் படுத்துகிறது:

"ஒறங்கப் போறல்லா, அப்பம் எந்த எடத்துலட்டி நீ காணாமப் போற?"

அன்றைக்குப் படுத்ததும் கவனித்துப் பார்த்தேன். வாசல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று விழிப்பாகவே இருந்தேன். வாசலைப் பார்க்கிறவர்களை அது உள்ளே விடுவதில்லை. மறுநாள் சொன்னபோது தலையாட்டினாள்: "பாத்தியா. நா தெனமும் அந்த வாசப்படியிலதான் உக்காந்திருக்கேன்." பிறகு காதைத் தொட்டுக் காட்டினாள். "கண்ணுக்கு மூடி இருக்கு. காதுக்குத்தான் இல்ல. செஞ்சவன் பாதி வேலையில எந்திரிச்சுப் போயிட்டான்."

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. அக்கா படுத்துவிட்டால் லேத் ஓடக்கூடாது. எந்த வேளையானாலும் சரி. அண்ணாச்சி ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். அவள் கண் மூடியிருந்தால் உள்ளங்கையை உயர்த்துவார். மீரான் உடனே சுவிட்சை அணைக்க வேண்டும். மீரான்தான் அங்கே பெரிய கடைசல்காரர், வாயும் பெரிது.

"ஏலே, நிப்பாட்டுலே. கண்ணசந்துட்டா."

"அண்ணாச்சி, முக்கால்வாசி சீவியாச்சு. இன்னும் ஒரு ஓட்டந்தான்."

"நிப்பாட்டுலேங்கேன்!"

மீரான் அணைத்துவிட்டு வந்து வேப்பமரத்தடியில் பீடியோடு உட்காருவார். "ஊர்ல எல்லாப் பட்டறையும் கரண்ட் போனா நிக்கும். நம்ம பட்டறை கொட்டாவி வந்தா நிக்கும்" என்பார். மோட்டார் பம்பின் வளைந்துபோன தண்டைச் சரிசெய்யக் கொடுத்திருந்த விவசாயிகள் வந்து நின்று, பிசான நெற்பயிர் கருகுகிறது என்று கெஞ்சுவார்கள். அண்ணாச்சி உதட்டில் விரலை வைத்து அவர்களையும் தெருவுக்கு நடத்திக் கூட்டிப்போய்விடுவார். சண்டை வந்தால் தெருமுனையில்தான் வரும்.

இத்தனை செய்தும், லேத் நின்ற கொஞ்ச நேரத்தில் அக்கா சிவந்த கண்ணோடு எழுந்து வந்துவிடுவாள். அண்ணாச்சி குற்றவாளியைத் தேடுவார். ஒரு நாள் முருங்கைமரத்துக் காக்காய். ஒரு நாள் தபால்காரரின் மணி. கேட்டின் கீலுக்கு எண்ணெய் விட்டார், ஜன்னலில் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டார். என்னிடம் தயங்கித் தயங்கி, "மாடியில பைய நடக்கியாம்மா?" என்றார். நான் பூனைபோல நடக்கப் பழகினேன். வீடு நாளுக்கு நாள் அமைதியாகிக்கொண்டே போனது. அக்காவின் கண் நாளுக்கு நாள் சிவந்துகொண்டே போனது.

எனக்கு ஒரு சந்தேகம் அரித்தது. எக்ஸ்சேஞ்சில் எனக்குத் தெரிந்த ஒன்று உண்டு. லைனில் இரைச்சல் இருக்கும்வரை தூரத்துக் குரல் கேட்காது. இரைச்சல் அடங்கினால், யாரோ யாரிடமோ எங்கேயோ பேசுவதுகூடக் காதுக்குள் வந்து விழும். ஒரு மத்தியானம் லேத் நின்றது. நான் படியில் காத்திருந்தேன். நினைத்தபடியே அவள் எழுந்து வந்தாள்.

"ஏன்க்கா, சத்தம் நின்னதும்ல முழிக்கீங்க?"

அவள் பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பைய பேசு. மிசினு ஓடுனா அவிய பேசுதது எனக்குக் கேக்காது. நின்னா, தலமாட்டுல வட்டமா வந்து உக்காந்துக்கிடுதாவ."

"அதெல்லாம் போயிட்டுன்னு அண்ணாச்சி சொன்னாங்களே."

"நாந்தான் அப்படிச் சொன்னேன்."

"மாத்திரையில கேக்கலியா?"

"மாத்திர போட்டா கொரலு தணியும். போவாது. தணிஞ்சு பேசுனா நல்லதுன்னா நெனைக்க? இன்னும் கூர்ந்துல்லா கேக்கணும்!"

சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன், அந்த நேரத்தில் சிரிக்கலாமா என்று தெரியாமலே.

"அண்ணாச்சிட்ட சொல்லிருங்கக்கா."

"போயிட்டாவன்னு சொன்ன அன்னைக்கு அவன் பட்டறை வாசல்ல தேங்கா ஒடச்சாண்ட்டி. திரும்ப வந்துட்டாவன்னு எந்த வாய வச்சுச் சொல்ல? மாத்திரையக் கூட்டுனாத் தாங்குவேன். அவன் மூஞ்சி தொங்குனாத் தாங்க மாட்டேன். நீயும் சொல்லப்படாது."

சொல்லவில்லை. எத்தனையோ பேருடைய பேச்சைக் காதில் வாங்கி வாயை மூடிக்கொள்வதுதான் என் வேலை. ஆனால் அந்த வாரமே அண்ணாச்சி ஒரு முடிவோடு வந்தார். கங்கைகொண்டானில் மெயின் ரோட்டோரம் அவருக்குத் தெரிந்தவர் ஒரு கொட்டகை வைத்திருக்கிறார், லேத்தை அங்கே கொண்டுபோய்விடலாம் என்றார். "பட்டறைதான அவ ஒறக்கத்துக்குச் சத்துரு? அதத் தூக்கிட்டா வீடு கோயில் மாதிரி ஆயிரும்." தினமும் பஸ்ஸில் போய்வருவதாகத் திட்டம். அத்தனை மகிழ்ச்சியாக அவரை நான் பார்த்ததில்லை. அவருக்குப் பின்னால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றாள். அவளை உறங்கவைத்த ஒரே பொருளை, அவள் உறங்கட்டும் என்று, பெயர்த்துக்கொண்டு போகப் போகிறார். அவள் என்னைப் பார்த்தாள். ஆற்றங்கரையும் வெறுங்காலும் எனக்கு நினைவுக்கு வந்தன.

கொட்டகையைப் பார்க்க அவர் கங்கைகொண்டானுக்குப் புறப்பட்டுப் போன அன்று, உறக்கம் அவளுக்குக் காலை வேளையில் வந்துகொண்டிருந்தது. வேலை முடிந்து அப்போதுதான் வந்தேன். பட்டறை வாசலில் ஒரு விவசாயி மீரானின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தண்டு இன்றைக்குக் கிடைக்காவிட்டால் வயலை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். மீரான் ஜன்னலைப் பார்த்தார். அக்கா பாயில் படுத்துவிட்டாள்.

"தங்கச்சி, என்ன செய்ய? ஓட்டுனா அண்ணாச்சி என்னக் கொன்னுருவாரு. ஓட்டலேன்னா இந்த மனுசன் இங்கனயே உசுர விட்டுருவாரு."

"ஓட்டுங்கண்ணே" என்றேன்.

"நீ சொன்னன்னு சொல்லவா?"

"சொல்லுங்க."

லேத் ஓடியது. நான் போய் ஜன்னல் சாக்கை விலக்கிக்கொண்டு நின்றேன். எனக்குப் பார்க்க வேண்டும். ஒரு மனுஷி எந்த இடத்தில் காணாமல் போகிறாள் என்று பார்த்தே ஆக வேண்டும். முதலில் புருவத்துக்கு நடுவில் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. யாருக்கோ பதில் சொல்வதுபோல அசைந்துகொண்டிருந்த உதடு, பாதிச் சொல்லில் நின்றது. பாயின் ஓரத்தைப் பற்றியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. தொண்டையில் ஒரு சின்ன ஏற்ற இறக்கம். அவ்வளவுதான். அந்த இடம் வந்ததும் போனதும் தெரியவில்லை. ஆனால் அவள் அங்கே இல்லை. இரும்பு பாடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே, ஆற்று மணலில் கழுவிப் போட்ட கூழாங்கல் மாதிரி அவள் முகம் கிடந்தது.

மீரான் தண்டை முடித்துக் கொடுத்தார். அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததையும் எடுத்தார். அவள் புரண்டுகூடப் படுக்கவில்லை.

வெயில் சாய்ந்த நேரத்தில் அண்ணாச்சி வந்தார். தெருமுனையிலேயே சத்தம் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். செருப்பு ஒன்று வழியில் கழன்றுவிட, ஒற்றைச் செருப்போடு ஓடிவந்து நேராக மெயின் சுவிட்சை இறக்கினார்.

"அறிவு இருக்காலே ஒனக்கு? சோறு திங்கியா, வேற எதும் திங்கியா? அவ உள்ள படுத்திருக்கா, நீ இங்கன..."

மீரான் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அக்கா வந்தாள். முந்தானை தரையில் இழுபட, கன்னத்தில் பாய் அச்சு பதிந்திருந்தது.

"அவன ஏசாத. என்ன எழுப்புனது நீதாம்லே."

அண்ணாச்சி திகைத்தார். "நானா? நான் நிப்பாட்டல்லா செஞ்சேன்."

"அதான் சொல்லுதேன். நீ நிப்பாட்டுன, அவிய வந்துட்டாவ."

"யாரு?"

லேத் நின்ற நிசப்தத்தில் எங்கள் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது. அது அவள் முகத்தில் ஓடியதை அவர் பார்த்தார்.

"போயிட்டாவன்னு சொன்னியே அக்கா."

"ஒனக்காவச் சொன்னேன்."

இரும்புச் சுருள்கள் குவிந்து கிடந்த தரையில் அண்ணாச்சி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுவார் என்று நான் பயந்தேன். அக்காவும் பயந்தாள் என்று நினைக்கிறேன். அவர் அழவில்லை. இத்தனை வருடத்தில் ஒருதடவைகூடக் கேட்டிராத ஒன்றை, சின்னப் பையன் கதை கேட்பதுபோல நிமிர்ந்து கேட்டார்:

"என்ன சொல்லுதாவ?"

அக்கா கொஞ்சம் காதுகொடுத்துவிட்டுச் சொன்னாள். "கங்கைகொண்டானுக்குப் போறவன் திரும்பி வரமாட்டாங்காவ."

"கிறுக்குச் செறுக்கியுள்ளய" என்றார் அண்ணாச்சி, அவளைப் பார்த்து அல்ல, அவளுக்குத் தலைக்கு மேலே இருந்த காற்றைப் பார்த்து. "நா எங்கனயும் போவலன்னு அவியள்ட்ட சொல்லு."

மீரான் யாரும் சொல்லாமலே போய் மெயின் சுவிட்சைத் தூக்கினார்.

அந்த வாரம் அண்ணாச்சி அவளை டாக்டரிடம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லையாம். மாத்திரையை மாற்றினார், வேளையையும் மாற்றினார். மிஷின் ஓடினால் உறக்கம் வருகிறதென்றால் ஓடட்டுமே என்றாராம். காதில் குரல் கேட்கிற எல்லாருக்கும் இப்படித்தானா என்று, வீட்டில் அப்படி ஒருவர் இருக்கும் பலரிடம் நான் பின்னால் கேட்டேன். சிலர் ஆமாம் என்றார்கள், சிலருக்கு ரேடியோ, சிலருக்கு எந்தச் சத்தமும் ஆகாது என்றார்கள். குரல்கள் அக்காவை விட்டுப் போய்விட்டதாக அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. உறக்கம் ஊர் சுற்றுவதையும் நிறுத்தவில்லை.

மாறியவர் அண்ணாச்சிதான். காக்காயை விரட்டியவர் இப்போது சத்தங்களை ரகம் பிரித்தார். வார்ப்பிரும்பைச் சீவினால் பொடிப் பொடியாகக் கொட்டும், சத்தம் கரகரப்பு. அது அவள் விழித்திருக்கும்போது. எஃகுத் தண்டில் கடைசியாகப் போடும் மெல்லிய சீவலுக்குச் சுருள் சுருளாக வரும், சத்தம் வழவழப்பு. அது அவள் உறங்கும்போது. "இன்னைக்கு ரெண்டு தண்டு பினிசிங்குக்கு எடுத்து வையி, மத்தியானத்துக்கு வேணும்" என்று சமையலுக்குக் காய் எடுத்துவைப்பதுபோலச் சொல்வார். மீரான் விடுவாரா? "அக்கா, இன்னைக்கு எந்த ராகத்துல படுக்கீய?" என்று கேட்பார். "நீ வாயத் தொறக்காத ராகத்துல" என்பாள்.

அடுத்த கோடையில் எனக்கு மதுரைக்கு மாற்றல் வந்தது. பெட்டியோடு கீழே இறங்கியபோது, கரண்ட் இல்லை. பராமரிப்புக்காகக் காலையிலேயே நிறுத்தியிருந்தார்கள். லேத் செத்துக் கிடந்தது. ஆனாலும் சத்தம் வந்தது. அண்ணாச்சி பட்டறை மேசையின் பிடிக்கருவியில் ஒரு கழிவு இரும்பை முறுக்கிவைத்து, பெரிய அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். யாருக்கும் வேண்டாத இரும்பு. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. மீரான் பக்கத்தில் கை உதறிக்கொண்டிருந்தார், அவருடைய முறை இப்போதுதான் முடிந்ததுபோல.

"கரண்ட் எப்பம் வரும் அண்ணாச்சி?"

"சாயங்காலம்ங்கான்." அரம் நிற்கவில்லை.

ஜன்னலில் சாக்கு இல்லை. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முதுகு சீராக ஏறி இறங்கியது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. அக்கா எந்திரிச்சதும், நான் சொல்லிட்டுப் போனேன்னு சொல்லிருங்க."

"நீயே சொல்லிட்டுப் போயேன்" என்றார். முகத்து வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு இன்னும் வேகமாக ராவினார். "சத்தமாச் சொல்லும்மா. எந்திரிக்க மாட்டா."

அந்த வீட்டில் அதுவரை நான் ஒருதடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அரத்தின் சத்தத்துக்கும் மேலே, தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்:

"அக்கா, போயிட்டு வாரேன்!"